ராத்திரி ஓடிய பதிவு காலையில் இருக்கிறதா?

செய்தி அறையில் காலை பத்து மணிக்கு விழும் கேள்வி இது: "நேத்து எட்டு மணி விவாதத்துல அமைச்சர் சொன்னாரே, அந்த இடம் நம்மகிட்ட இருக்கா?" உடனே எல்லோரும் சேனலின் யூடியூப் பக்கத்துக்கு ஓடுவார்கள். விவாதம் இருக்கும், அந்த இடம் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். அப்போது "இருக்கு சார், எட்டு நாற்பத்திரண்டுக்கு வருது" என்று கோப்பை அனுப்பி வைக்கிறவருக்கு அந்த அலுவலகத்தில் தனி மதிப்பு. அவர் விலை உயர்ந்த மென்பொருள் எதையும் நம்பி இருக்க மாட்டார். மூலையில் ஒரு பழைய கணினி, அதில் லினக்ஸ், நாலைந்து இலவசக் கட்டளை வரிக் கருவிகள். அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, வெகுகாலமாக இருக்கிறது. பிறநாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுக்க பிபிசி மானிட்டரிங் 1939-லேயே தொடங்கப்பட்டது. இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையம் 2008 முதல் டிவி சேனல்களைக் கவனித்து வருகிறது. தனியார் பக்கம் வந்தால் மக்கள் தொடர்பு நிறுவனங்கள், கட்சிகளின் ஊடகப் பிரிவுகள், தன் விளம்பரம் சொன்ன நேரத்தில் ஓடியதா என்று பார்க்கும் கம்பெனிகள், ஓடிடி தளங்களின் சோதனைக் குழுக்கள் என்று பட்டியல் நீளும். ஒளிபரப்பாளருக்கே இது கட்டாயம். ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருந்து, அரசு கேட்டால் தர வேண்டும் என்பது இந்திய டிவி சேனல்களுக்கான உரிம நிபந்தனை. 2004-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம் போன்ற சமுதாய வானொலிகளும் நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். பிரிட்டனில் டிவிக்கு 60 நாள், வானொலிக்கு 42 நாள்.

கருவிகள் எளிமையானவை, ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நாளெல்லாம் ஓடும் பதிவு நடுவில் நின்றுவிட்டால், வேறு யாரும் கேட்பதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிய வேண்டும். சம்பளம் அதற்குத்தான்.

அமெரிக்காவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979 முதல் 2012-ல் இறக்கும்வரை வீட்டிலேயே டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். சேர்ந்தவை ஏறத்தாழ 70,000 வீடியோ கேசட்டுகள். அவை பின்னர் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பிடம் போய்ச் சேர்ந்தன. கேசட் தீர்வதற்குள் வீடு திரும்பி மாற்ற வேண்டும் என்பதால் குடும்பமே வெளியே போன இடத்திலிருந்து பாதியில் திரும்புமாம். இன்று கேசட் இல்லை. ஆனால் இணைப்பு அறுவது, வட்டு நிரம்புவது, முகவரி மாறுவது என்று "கேசட் தீர்கிற" சமயங்கள் கூடியிருக்கின்றன. அம்மையாராவது எந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார்.

கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்; பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடங்களிலெல்லாம் சிறிய எழுத்து.

முதலில், ஸ்ட்ரீம் எந்த வகை?

நேரலை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வேறு ஏற்பாடுகள் உண்டு. இது புரியாமல் கட்டளையை மட்டும் நகலெடுத்து ஓட்டுகிறவர்கள் முதல் சிக்கலிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வகை இணைய வானொலி. ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் என்ற சர்வர்கள் 1990-களின் இறுதியில் வந்தன, இன்றும் ஆயிரக்கணக்கான நிலையங்கள் அவற்றில்தான் ஓடுகின்றன. இதன் தொழில்நுட்பம் அப்பாவித்தனமானது. முடிவே இல்லாத ஒரு எம்பி3 கோப்பை நீங்கள் பதிவிறக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் இதைப் பதிய ஸ்ட்ரீமிங் கருவிகூட வேண்டாம். கோப்பு இறக்கும் சாதாரண 'கர்ல்' போதும். கர்ல், முகவரி, '-ஓ', கோப்பின் பெயர். நிறுத்தும்வரை எழுதிக்கொண்டே போகும். பாட்டின் பெயர் தெரிய வேண்டுமென்றால் சர்வரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் குறிப்பிட்ட பைட்டுக்கு ஒருமுறை ஒலியின் நடுவே பெயரையும் செருகி அனுப்பும். 'ஸ்ட்ரீம்ரிப்பர்' என்ற பழைய கருவி அந்தப் பெயர்களை வைத்துப் பாட்டுக்கு ஒரு கோப்பாக வெட்டித் தரும். ஒரு பாட்டு அடங்குவதற்குள் அடுத்தது எழும்பும் நிலையங்களில் வெட்டு அசிங்கமாக விழும். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு இதனால் பயனில்லை.

இரண்டாம் வகை, இன்றைய டிவி நேரலைகளில் பெரும்பாலானவை: ஹெச்எல்எஸ். ஆப்பிள் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்தது, 2017-ல் இணையத் தர ஆவணமாகவும் வெளியானது. இதில் தொடர்ந்து ஓடும் ஸ்ட்ரீம் என்று ஒன்று கிடையாது. நிகழ்ச்சியை ஆறு ஆறு விநாடி போலத் துண்டு போட்டு, சமீபத்திய துண்டுகளின் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலில் எழுதி வைப்பார்கள். 'எம்3யு8' என்று முடியும் முகவரி அந்தப் பட்டியல்தான். ஓட்டும் கருவி சில விநாடிக்கு ஒருமுறை பட்டியலைப் புதிதாக வாங்கி, புதிதாகச் சேர்ந்த துண்டை எடுத்துக் காட்டும். பழைய துண்டுகள் மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாட்டிலிருந்து வேலைக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் தானாகவே புரியும். ஒன்று, தாமதம். ஓட்டும் கருவி வழக்கமாகப் பட்டியலின் கடைசியிலிருந்து மூன்றாவது துண்டில் தொடங்கும். ஆறு விநாடித் துண்டு என்றால் அதிலேயே 18 விநாடி பின்தங்கிவிடுவீர்கள். குறியாக்கத்துக்கான நேரம் அதற்கு மேல். கேபிள் டிவி பார்க்கும் பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு உங்கள் போனில் பவுலர் ஓடி வருவது இதனால்தான். எனவே எட்டு மணி நிகழ்ச்சியைச் சரியாக எட்டுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் கடைசி வாக்கியம் போய்விடும். முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டாவது, இழப்பு. இணைப்பு பத்து விநாடி அறுந்தால் பரவாயில்லை, துண்டுகள் பட்டியலில் இன்னும் இருக்கும், கருவி பிடித்துக்கொள்ளும். பட்டியலின் நீளத்தைத் தாண்டி அறுந்தால் இடைப்பட்டது போனதுதான். சில சேனல்கள் அரை மணி, சில யூடியூப் நேரலைகள் பல மணி நேரம் பின்னால் போக விடும். சில சேனல்களின் பட்டியலில் நாலைந்து துண்டுக்கு மேல் இருக்காது. நீங்கள் கண்காணிக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் இந்த நீளம் எவ்வளவு என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பு. கர்ல் கொண்டு இறக்கி, துண்டுகளை எண்ணி, விநாடியால் பெருக்கினால் விடை.

முகவரியைக் கண்டுபிடிப்பது தனிக் கலை போலத் தோன்றும், அப்படி ஒன்றும் இல்லை. வானொலி என்றால் 'பிஎல்எஸ்' அல்லது 'எம்3யு' என்று முடியும் ஒரு சிறு கோப்பு கிடைக்கும். அதை எழுத்துக் கோப்பாகத் திறந்தால் உள்ளே உண்மையான முகவரி இருக்கும். டிவி என்றால் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் எம்3யு8 என்று வடிகட்டிவிட்டு வீடியோவை ஓட்டுங்கள். ஆனால் எச்சரிக்கை: முகவரியின் வாலில் நீளமான எழுத்துக் கோவை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் காலாவதி ஆகும் அனுமதிச் சீட்டு. இன்று மாலை வேலை செய்யும், நாளைக் காலை 403 என்று முகத்தில் அடிக்கும். அத்தகைய முகவரியை ஸ்கிரிப்ட்டில் எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்துக்குப் போய்ப் புது முகவரி வாங்கும் கருவி வேண்டும். அது ஸ்ட்ரீம்லிங்க்.

எந்தக் கருவி எதற்கு

வெறுமனே கேட்க, பார்க்க எம்பிவி. முகவரியைப் பின்னால் கொடுத்தால் ஓடும், '--நோ-வீடியோ' சேர்த்தால் ஒலி மட்டும். விஎல்சிக்கும் 'சிவிஎல்சி' என்ற முகமில்லாத வடிவம் உண்டு, திரையே இல்லாத சர்வரில் வானொலி ஒலிக்க அது வசதி. 1996-ல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி இன்னும் எதைக் கொடுத்தாலும் ஓட்டுகிறது. ஆனால் அதன் பதிவுக் கட்டளை வாயில் நுழையாத நீளம். பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீம்லிங்க், பராமரிப்பு நின்றுபோன 'லைவ்ஸ்ட்ரீமர்' கருவியிலிருந்து 2016-ல் பிரிந்து வளர்ந்தது. சேனல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் என்னென்ன தரங்களில் கிடைக்கிறது என்று காட்டும். 'பெஸ்ட்', 'வொர்ஸ்ட்', '480பி' என்று ஒன்றைச் சொல்லி, '-ஓ' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பதியும். '--ரெக்கார்ட்' என்றால் பார்த்துக்கொண்டே பதியலாம். கண்காணிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கை தானாகவே 'பெஸ்ட்' என்று தட்டும். யார் என்ன சொன்னார் என்பதற்கு 480பி தாராளம். காரணம் கீழே கணக்கில் வரும்.

யூடியூப் நேரலைக்கு ஒய்டி-டிஎல்பி. '--லைவ்-ஃப்ரம்-ஸ்டார்ட்' என்று சேர்த்தால் நீங்கள் தாமதமாக வந்தாலும் தொடக்கத்திலிருந்து எடுக்க முயலும். '--வெயிட்-ஃபார்-வீடியோ' என்றால் இன்னும் தொடங்காத நேரலைக்காகக் காத்திருக்கும். இதன் தாயான யூடியூப்-டிஎல் 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரால் கிட்ஹப்பிலிருந்து நீக்கப்பட்டு, நவம்பரில் திரும்பி வந்தது. தாய்க் கருவியில் வேலை மந்தமானதும் பிரிந்து வந்த ஒய்டி-டிஎல்பிதான் இன்று புழக்கத்தில் இருப்பது. தளங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கருவியை வாரம் ஒருமுறை '-யு' (இது பெரிய எழுத்து) போட்டுப் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் முடிவு நாள் காலையில் மட்டும் புதுப்பிக்காதீர்கள். முந்தின நாள் புதுப்பித்துச் சோதித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய திட்டம். மேலே சொன்ன கருவிகள் பலவும் உள்ளுக்குள் இதை நம்பித்தான் இருக்கின்றன. நேரமில்லாதவர் இது ஒன்றைக் கற்றால் போதும்.

இன்னொன்று. பழைய வழிகாட்டிகளில் 'எம்ப்ளேயர் -டம்ப்ஸ்ட்ரீம்', 'ஆர்டிஎம்பி டம்ப்' என்று பார்த்தால் பக்கத்தைத் திருப்புங்கள். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது, அதோடு பார்வையாளருக்கு ஆர்டிஎம்பி வழியே அனுப்பும் வழக்கமும் போயிற்று. நேரலையை யூடியூப்புக்கு ஏற்றி அனுப்பும் பக்கத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதிவு: ஒரு வரி, அதன் கண்ணிகள்

அடிப்படைக் கட்டளை: எஃப்எஃப்எம்பெக், '-ஐ' முகவரி, '-சி காப்பி', கோப்பின் பெயர். '-சி காப்பி' என்றால் வந்த தரவை மறுபடி குறியாக்கம் செய்யாமல் அப்படியே எழுது என்று பொருள். இதைச் சேர்க்க மறந்தால் கணினி ஒவ்வொரு படத்தையும் பிரித்துக் கோர்க்கும், மின்விசிறி அலறும், தரமும் குறையும். சேர்த்தால் ஒரு பழைய மடிக்கணினியே பல சேனல்களைத் தாங்கும். நெட்வொர்க்கும் வட்டும்தான் எல்லை.

கோப்பின் பெயர் எம்பி4 என்று முடியக் கூடாது. எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை கடைசியில், பதிவு ஒழுங்காக முடியும்போதுதான் எழுதப்படும். கரண்ட் போனால் மூன்று மணி நேரப் பதிவு திறக்கவே திறக்காது. 'டிஎஸ்' அல்லது 'எம்கேவி' என்று வைத்தால் அறுந்த இடம்வரை பத்திரமாக இருக்கும். ஆசிரியருக்கு எம்பி4 தான் வேண்டுமென்றால், முடிந்த பிறகு அதே '-சி காப்பி' போட்டு மாற்றிக் கொடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. பதிவை நிறுத்த 'க்யூ' தட்டுங்கள். கட்டாயக் கொலைக் கட்டளையான 'கில் -9' வேண்டாம்.

நீண்ட பதிவை மணிக்கு ஒரு கோப்பாகப் பிரிக்க '-எஃப் செக்மென்ட்', '-செக்மென்ட்_டைம் 3600'. இதோடு '-செக்மென்ட்_அட்க்ளாக்டைம் 1' சேர்த்தால் நீங்கள் எப்போது தொடங்கினாலும் கடிகாரத்தில் மணி அடிக்கும் நேரத்தில் வெட்டும். '-எஸ்டிஆர்எஃப்டைம் 1' சேர்த்தால் கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் விழும். பெயர் வைக்கும் முறை ஒன்றே ஒன்று: சேனல், ஆண்டு மாதம் நாள், மணி நிமிடம். 20250114_2000 என்று ஆண்டு முன்னால் வந்தால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். 'டிவி_புதுசு_கடைசி2' என்று பெயர் வைக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

பெயரில் நேரம் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப்எஃப்எம்பெக், அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதவா என்று கேட்டுக் காத்திருக்கும். ஆளில்லா நேரத்தில் யார் பதில் சொல்வது என்று பலர் '-ஒய்' சேர்த்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இணைப்பு அறுந்து ஸ்கிரிப்ட் மறுபடி தொடங்கினால் அதுவரை பதிந்ததை அந்த ஓரெழுத்து அழித்துவிடும். நேரம் பெயரில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது கணக்கு. 128 கிலோபிட் வானொலி மணிக்கு 57.6 எம்பி. ஒரு நாளுக்கு 1.4 ஜிபிக்கும் கீழே, 90 நாளுக்குச் சுமார் 125 ஜிபி. ஒரு பழைய வட்டு போதும். வீடியோ அப்படியல்ல. விநாடிக்கு 1.5 மெகாபிட் என்றால் மணிக்கு 675 எம்பி, நாளுக்கு 16 ஜிபி, 90 நாளுக்குச் சேனல் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.5 டிபி. 'பெஸ்ட்' என்று தட்டி 5 மெகாபிட் எடுத்தால் அதே 90 நாளுக்கு 5 டிபியைத் தொட்டுவிடும். பத்து சேனலுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போங்கள். வட்டு கேட்கும் மனுவில் இந்த நாலு வரிக் கணக்கு இருந்தால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

தூங்கும்போது ஓடுவதற்கு

குறித்த நேரத்தில் தொடங்க 'க்ரான்'. இங்கே புதியவர்கள் விழும் குழிகள் எல்லா அலுவலகத்திலும் ஒன்றேதான். க்ரான் கோப்பில் சதவீதக் குறி வந்தால் அதை வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரில் தேதி போட நாம் பயன்படுத்துவதும் சதவீதக் குறிதான். டெர்மினலில் ஓடிய கட்டளை க்ரானில் சத்தமில்லாமல் சாகும். கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, க்ரானில் அந்த ஸ்கிரிப்ட்டை மட்டும் அழையுங்கள். அடுத்தது, க்ரானுக்கு உங்கள் டெர்மினலுக்குத் தெரிந்த பாதைகள் எல்லாம் தெரியாது, எனவே கருவியின் முழுப் பாதையையும் எழுதுங்கள். மூன்றாவது, நேர மண்டலம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இருக்கும். மாலை 6 மணிச் செய்திக்கு 18:00 என்று எழுதினால் இந்திய நேரம் இரவு 11.30-க்குத் தொடங்கும். முதல் நாளே 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் ஏஷியா/கொல்கத்தா (இரு சொல்லிலும் முதலெழுத்து பெரியது) என்று மாற்றிவிடுங்கள், கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் அதிலேயே பார்க்கலாம். நேரம் தவறிய பதிவு, சர்ச்சை வந்தால் சாட்சிக்கு உதவாது.

பின்னணியில் ஓடும் எஃப்எஃப்எம்பெக்குக்கு '-நோஸ்டிடின்' கட்டாயம். இல்லாவிட்டால் விசைப்பலகையிலிருந்து ஏதாவது வருமா என்று பார்க்கப் போய் அப்படியே உறைந்து நிற்கலாம். வானொலிக்கு '-ரீகனெக்ட் 1', '-ரீகனெக்ட்_ஸ்ட்ரீம்டு 1' சேர்த்தால் சிறு அறுபடல்களைத் தானே சமாளிக்கும். அதையும் மீறிச் செத்தால் எழுப்ப ஒரு ஆள் வேண்டும். அது சிஸ்டம்டி. சேவைக் கோப்பில் 'ரீஸ்டார்ட்' (முதலெழுத்து பெரியது) என்பதற்கு 'ஆல்வேஸ்' என்று எழுதி, ஐந்து விநாடி இடைவெளி கொடுங்கள். நாள் முழுவதும் ஓடும் பதிவுகளுக்கு க்ரானைவிட இதுவே நல்லது. சில மணி நேர வேலைக்கு, டெர்மினலை மூடினாலும் கட்டளையை ஓட விடும் டிமக்ஸ் போதும்.

ஒரு நுணுக்கம். '-டி 3600' என்று ஒரு மணி நேர வரம்பு கொடுத்தால் அது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பதிந்த ஒலியின் நீளத்தைப் பார்க்கும். வானொலி நடுவில் பத்து நிமிடம் வராமல் போனால் பதிவும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் முடியும், கோப்போ சரியாக ஒரு மணி நேரம் என்று காட்டும். இழப்பு கண்ணில் படாது. கடிகாரப்படி நிறுத்த 'டைம்அவுட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அப்போது இழந்த பத்து நிமிடம் கோப்பின் நீளத்திலேயே தெரியும்.

வட்டு நிரம்புவதுதான் சகஜமான சாவு. 'ஃபைண்ட்' கட்டளையில் 90 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் வரியை எழுதலாம். ஆனால் அழிக்கும் வரியை முதல் வாரம் பட்டியலிட மட்டும் விட்டு, என்னென்ன அழியப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அழிக்க விடுங்கள். வழக்கு, புகார் என்று ஏதாவது ஒட்டிய கோப்புகளைத் தனி அடைவுக்கு நகர்த்தி வைப்பது உங்கள் பொறுப்பு. 91-ம் நாள் ஸ்கிரிப்ட்டுக்கு இரக்கம் கிடையாது.

முக்கியமான நாள்களில் இரண்டு கணினிகளில் பதியுங்கள். இரண்டும் ஒரே இணைய லைனில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் அது இரண்டு என்று கணக்கில்லை. ஒன்று அலுவலகத்தில், மற்றது வேறு நிறுவனத்தின் இணைப்பிலோ வாடகை சர்வரிலோ இருக்கட்டும்.

பதிந்ததா என்று எப்படித் தெரியும்?

கோப்பு இருப்பதாலேயே பதிவு இருக்கிறது என்று ஆகாது. மூன்று வகைத் தோல்விகளுக்கு மூன்று சோதனைகள்.

கோப்பு வளர்வது நின்றுபோகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து, முந்தையதோடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் இதைப் பிடிக்கும். கோப்பு வளர்ந்தும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். மணி முடிந்ததும், எஃப்எஃப்எம்பெக்கோடு கூட வரும் எஃப்எஃப்ப்ரோப் கொண்டு நீளத்தைப் பாருங்கள். 3,600 விநாடி வர வேண்டிய இடத்தில் 3,410 என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் காணோம். மூன்றாவது மோசமானது: நீளம் சரி, அளவும் சரி, உள்ளே ஒன்றும் இல்லை. நிலையத்திலேயே ஒலி அறுந்திருக்கும், அல்லது "தொழில்நுட்பக் கோளாறு" என்ற அட்டை ஒரு மணி நேரம் நின்றிருக்கும். இதற்கு எஃப்எஃப்எம்பெக்கின் 'சைலன்ஸ்டிடெக்ட்' வடிகட்டி இருக்கிறது. இவ்வளவு டெசிபலுக்குக் கீழே இத்தனை விநாடி மௌனம் என்றால் எழுது என்று சொல்லலாம். கறுப்புத் திரைக்கு 'பிளாக்டிடெக்ட்', உறைந்த படத்துக்கு 'ஃப்ரீஸ்டிடெக்ட்'. கர்நாடக சங்கீத நிகழ்ச்சியில் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடமும் சில அளவுகளில் மௌனமாகக் கணக்காகும். வரம்பை உங்கள் நிலையத்துக்கு ஏற்ப நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

எச்சரிக்கை உங்கள் போனுக்கு வரட்டும். டெலிகிராம் பாட் ஒன்று அமைத்தால் ஒரு கர்ல் வரியில் செய்தி அனுப்பலாம். ஐந்து விநாடி அறுபடலுக்கெல்லாம் அனுப்ப வைத்தால் மூன்றாம் நாளே குழுவை மியூட் செய்துவிடுவீர்கள், பிறகு பெரிய கோளாறும் மியூட்டில்தான் கிடக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் மட்டும் அடிக்கட்டும். சின்னவை காலையில் ஒரே பட்டியலாக வரட்டும்.

பதிந்ததை எழுத்தாக்குவது அடுத்த படி. ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் தமிழையும் எழுதும். ஒலியை '-ஏசி 1', '-ஏஆர் 16000' என்று ஒற்றைத் தடமாக, 16 கிலோஹெர்ட்ஸில் மாற்றிக் கொடுங்கள். ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் தடுக்கும். மௌனமான இடங்களில் யாரும் சொல்லாததைச் சொன்னதாக எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. தேடிக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள், மேற்கோள் காட்டும் முன் காதால் கேளுங்கள்.

சட்டம் எதுவரை விடும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 37-ம் பிரிவு ஒலிபரப்பாளருக்குத் தன் ஒலிபரப்பின் மேல் 25 ஆண்டு உரிமை தருகிறது. 39-ம் பிரிவு சில வாசல்களைத் திறந்து வைக்கிறது: சொந்த உபயோகத்துக்காகப் பதிவது, நேர்மையான கற்பித்தல் அல்லது ஆராய்ச்சிக்காகப் பதிவது, நடப்புச் செய்திக்காகச் சிறு பகுதிகளை நியாயமான அளவில் எடுத்தாள்வது. பதிந்த முழு நிகழ்ச்சியையும் உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவது இதில் எதிலும் சேராது. காசு கொடுத்துப் பார்க்கும் தளங்களின் பூட்டை உடைப்பது 65ஏ பிரிவில் இரண்டாண்டு சிறைவரை கொண்டுபோகலாம். மேலே சொன்ன கருவிகள் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. திறக்கும் வழி தெரியும் என்று யாராவது அலுவலகத்தில் சொன்னால் விலகி நில்லுங்கள்.

நீதிமன்ற நேரலை தனி. உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் நேரலைக்கு வழிவிட்டு, 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை ஒளிபரப்பத் தொடங்கியது. உயர் நீதிமன்றங்களுக்காக வகுத்த மாதிரி விதிகளோ, அனுமதியில்லாமல் ஊடகங்கள்கூட அதைப் பதியவோ பரப்பவோ கூடாது என்கின்றன. பொதுவெளியில் ஓடுகிறதே என்று எடுத்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்மொழி அனுமதிக்கு ஞாபகம் குறைவு.

பதிவு ஒருநாள் நீதிமன்றத்துக்கே போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியோடு தரும் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு மணிக் கோப்பும் முடிந்தவுடன் 'எஸ்எச்ஏ256சம்' ஓட்டி, விடையைத் தனிப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு வரி.

வேலை தேடுகிறவருக்கு

விண்ணப்பத்தில் "எஃப்எஃப்எம்பெக் தெரியும்" என்று எழுதுவதில் பொருளில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்ப்பெர்ரி பையிலோ ஒரு வானொலியை ஒரு மாதம் விடாமல் பதியுங்கள். கூடவே ஒரு அட்டவணை: எந்த நாள், எத்தனை நிமிடம் விடுபட்டது, காரணம் என்ன, உங்களுக்கு எப்போது தெரிந்தது, பிறகு எதை மாற்றினீர்கள். விடுபடலே இல்லாத அட்டவணையை அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள். கடைசிக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பதிவுகளைக் கொண்டுபோக வேண்டாம், அட்டவணையும் ஸ்கிரிப்ட்டும் போதும். ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல்லோ டெலிகிராம் சாவியோ இல்லை என்று பார்த்துவிட்டு அச்செடுங்கள்.

நேர்காணலில் ஒரு கேள்விக்குத் தயாராகப் போங்கள்: "ஒரு மணி நேரப் பதிவு 58 நிமிஷமா வந்திருக்கு. என்ன செய்வீங்க?" மறுபடி பதிவேன் என்றால் கதை முடிந்தது, நேரலைக்கு மறுபடி கிடையாது. முதலில் லாகில் இணைப்பு அறுந்த நேரத்தைப் பார்ப்பேன். அதே நேரத்தில் மற்றச் சேனல்களும் அறுந்திருந்தால் கோளாறு நம் பக்கம், இது மட்டும் என்றால் அவர்கள் பக்கம். அடுத்து இரண்டாவது கணினியின் கோப்பில் அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால், அந்தச் சேனலில் பின்னால் போகும் வசதி இருந்து நேரம் இன்னும் கடக்காமல் இருந்தால் அங்கிருந்து எடுப்பேன். அதுவும் இல்லையென்றால், வாடிக்கையாளர் கேட்கும் முன் நானே எழுதிச் சொல்வேன். இதே வரிசையில் சொல்லுங்கள்.